முட்டைக்கு முட்டையா?

தேர்வில் ஒன்றுமே எழுதாத மாணவனைப் பார்த்து, "முட்டை வாங்கினான்" என்று கேலி பேசுவது நம் ஊர் வழக்கம். ஒன்றுமில்லாததற்கு முட்டை என்று பெயர் வைத்த நாடு இது! ஆனால் புளியந்தோப்பில், நான் பாடம் சொல்லும் ஒன்பதாம் வகுப்பில், நண்பகல் மணி அடித்ததும் தட்டில் வந்து விழும் முட்டை ஒன்றுமில்லாததன்று. அந்த முட்டையை எதிர்பார்த்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அந்த முட்டை கூடாது என்று, அதை உண்ணும் பிள்ளை ஒருத்தியே கட்டுரை எழுதினாள். நானும் அதற்குச் சிவப்பு மையால் "நன்று" என்று போட்டேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் வேரைத் தேடிச் சென்ற கதையைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

"எங்கள் பள்ளி உணவு" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அவள் எழுதிய பத்தி இது:

"நமது பள்ளியில் மதிய உணவு வழங்கப்படுகிறது. பள்ளியில் வழங்கும் உணவு சைவ உணவாக இருப்பதே சிறந்தது. சைவ உணவு தூய்மையானது. அது அறிவை வளர்க்கும். அசைவ உணவு உண்பவர்களுக்குக் கோபமும் முரட்டுக் குணமும் உண்டாகும். நம் முன்னோர்கள் சைவ உணவையே உண்டு நீண்ட நாள் வாழ்ந்தனர். பள்ளி ஒரு கோயில். ஆகவே முட்டையை நிறுத்திவிட்டுப் பழம் வழங்க வேண்டும்."

பிழையில்லாத தமிழ். விடுபட்ட ஒற்று ஒன்றைச் சேர்த்தேன். பத்துக்கு ஏழு போட்டேன். அடுத்த ஏட்டைப் புரட்டினேன். அடுத்த ஏட்டிலும் அதே பத்தி! ஒரு சொல் மாறவில்லை. அன்று திருத்திய ஏடுகளில் பதினொன்றில் அதே வாசகம். எங்கிருந்தோ எடுத்துக் கொடுக்கப்பட்ட வாசகம் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பரவாயில்லை, கையெழுத்தாவது தெளிவாயிருக்கிறது" என்று ஆறுதல் கொண்டேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றனர். கட்டுரை எழுதிய அந்த மாணவியும் நின்றாள். சோறு வாங்கினாள், குழம்பு வாங்கினாள், முட்டை வாங்கினாள். முட்டையை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தின்றாள். மறுபாதியை ஏட்டிலிருந்து கிழித்த தாளில் மடித்துப் பைக்குள் வைத்தாள். வீட்டில் பள்ளி வயதை எட்டாத தம்பி ஒருவன் இருக்கிறான் என்று பிறகு அறிந்தேன்.

முட்டையை நிறுத்த வேண்டுமென்று எழுதிய ஏட்டின் தாளிலேயே முட்டையை மடித்துக்கொண்டு போகிறாள் ஒரு சிறுமி! அந்தத் தாளுக்கு ஏழு மதிப்பெண் போட்டவள் நான்! வெட்கம் என்னைச் சுட்டது. அவளை அழைத்தேன்.

"முட்டை பிடிக்குமா?"

"பிடிக்கும் டீச்சர்."

"நாளைக்கு வேண்டாமா?"

"வேணும் டீச்சர்."

"பிறகு ஏன் வேண்டாமென்று எழுதினாய்?"

அவள் தயங்கவேயில்லை. "அப்படி எழுதினாத்தான் மார்க்கு போடுவாங்க டீச்சர்."

தோழர்களே, இந்த ஒரு விடையில் எத்தனை நூற்றாண்டு அடங்கியிருக்கிறது, பாருங்கள்! வயிறு ஒன்று சொல்கிறது. கை வேறொன்று எழுதுகிறது. தன் வீட்டு அடுப்பு இழிந்தது, பிறர் வீட்டு அடுப்பு உயர்ந்தது என்று எழுதினால்தான் உயரலாம் என்பதைப் பதினான்கு வயதிலேயே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அடித்துக் கற்பித்தவர் எவருமில்லை. பாராட்டியே கற்பித்துவிட்டோம்.

அவளுடைய தந்தை இறைச்சிக்கடையில் வேலை செய்பவர். புளியந்தோப்பை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. நூறாண்டுக்கு மேல் பழமையான ஆட்டுத்தொட்டி இருக்கும் பகுதி இது. சென்னை மாநகரம் ஞாயிற்றுக்கிழமை உண்ணும் கறியை விடியுமுன் அறுத்து, உரித்து, கழுவி, கூடையிலும் வண்டியிலும் ஏற்றி அனுப்பிய கைகள் இங்குள்ள கைகள். கிழக்கே போனால் காசிமேடு. மீன் ஏலம் போகும் கடற்கரை. பின்னி ஆலை மூடப்பட்ட 1996க்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கிடைத்த வேலையைக் கொண்டு பிழைத்த வட்டாரம் இது. இந்த மண்ணின் பிள்ளை, "அசைவம் உண்பவர்களுக்கு முரட்டுக் குணம் உண்டாகும்" என்று எழுதும்போது யாரைப் பற்றி எழுதுகிறாள்? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போகும் தன் அப்பனைப் பற்றி அல்லவா?

எனவே பத்தியைத் திருத்துவது என்று முடிவு செய்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். விடை இருந்தால் வாக்கியம் நிற்கும், இல்லையென்றால் போகும்.

"சைவ உணவு தூய்மையானது." எப்படித் தெரியும்? கழுவாத கீரையைவிடக் கழுவி வேகவைத்த முட்டை தூய்மையானது. ஈ மொய்த்த மீனைவிட மூடி வைத்த தயிர்ச்சோறு தூய்மையானது. தூய்மை சமைக்கும் கையிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இருக்கிறது. பொருளின் பிறப்பில் இல்லை. பிறப்பில் தூய்மை காண்பது சுகாதாரமன்று, சனாதனம். உணவுக்குப் பிறப்புத் தீட்டுக் கற்பித்தவர்கள், அதை உண்பவனுக்கும் தீட்டுக் கற்பிக்காமல் விட்டதில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுமக்கள் பணத்தில் நடந்த பள்ளியில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அது பழங்கதை என்பீரோ? 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் சைவர்க்கு ஒரு வாயில், அசைவர்க்கு ஒரு வாயில், கைகழுவுமிடமும் தனித்தனி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர் கண்டனத்துக்குப் பிறகே அகற்றப்பட்டது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவருக்கென ஒதுக்கிய மேசைகளை எதிர்த்த மாணவருக்கு அபராதம் விதித்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி! பந்தி மேசையாயிற்று, தீட்டுத் தூய்மையாயிற்று, பொருள் மாறவில்லை.

"அது அறிவை வளர்க்கும்." எப்படித் தெரியும்? அறிவியலைக் கேட்போம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் உள்ளன. இரத்தத்துக்கும் நரம்புக்கும் இன்றியமையாத பி12 உயிர்ச்சத்து அதில் உண்டு. தாவர உணவில் அது இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஆசிரியர் என்ற முறையில் நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்: முட்டையே உண்ணாமலும் ஒருவர் நலமாக வாழலாம். பாலும் தயிரும் பருப்பும் பயறும் கொட்டைகளும் நாள்தோறும் வாங்க முடிந்த வீட்டில் குறையொன்றும் வராது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளின் உணவுப்பட்டியலைக் கொண்டு, பால் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது எந்த அறத்தில் சேரும்? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தச் சோகையுற்றவர் என்று கணக்குக் காட்டுகிறது. நாடு முழுவதற்கும் அது 67.1. அந்தக் குழந்தைகள்தாம் ஆறாம் வயதில் நம் பள்ளி வாயிலில் வந்து நிற்கிறார்கள். உலகம் என்ன செய்கிறது? பின்லாந்து 1948 முதல் பள்ளிப்பிள்ளைகளுக்கு விலையில்லா உணவு தருகிறது. போரில் சிதைந்த ஜப்பான் 1954இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் செய்தது. மீனும் இறைச்சியும் இட்டால் பிள்ளைகளின் அறிவு மங்கிவிடும் என்று அங்கே எவரும் அஞ்சவில்லை.

"கோபமும் முரட்டுக் குணமும் உண்டாகும்." இதை அவளே அடித்தாள். நான் கேள்வி கேட்குமுன்பே, "எங்க அப்பா யாரையும் திட்டமாட்டாரு டீச்சர்" என்றாள், பேனா ஓடியது. அதற்கு மேல் அந்த வாக்கியத்துக்கு மறுப்புரை தேவைப்படவில்லை.

"நம் முன்னோர்கள் சைவ உணவையே உண்டனர்." யாருடைய முன்னோர்? தமிழ் ஆசிரியையிடமா இந்த விளையாட்டு! புறநானூற்றின் பதினான்காம் பாடலைப் படியுங்கள். கபிலர், அந்தணர் என்று போற்றப்படும் கபிலர், சேர மன்னனிடம் என்ன சொல்கிறார்? உன் கை அங்குசமும் வில்லும் பிடித்து வன்மையானது. உன்னைப் பாடும் எங்கள் கையோ இறைச்சிச் சோறு உண்ணும் வேலை தவிர வேறு வேலை அறியாததால் மென்மையாயிற்று என்ற பொருளில் பேசுகிறார். சங்கப் பாட்டில் ஊனும் மீனும் மணக்கின்றன. இன்றைய மக்களைக் கேட்பீரோ? 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் சைவ உணவினர் 2.35 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவரை நீக்கிவிட்டு எஞ்சியவரை மட்டும் "நாம்" என்று அழைப்பது எந்த ஊர் இலக்கணம்?

"வள்ளுவர் புலால் மறுத்தாரே!" என்று பாய்ந்து வருவோர் உண்டு. மறுத்தார், மறைக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரம் எந்த இயலில் இருக்கிறது? துறவறவியலில். துறவு பூண்டார்க்கு ஓதிய விரதத்தை ஒன்பதாம் வகுப்புக்கு விதிப்பானேன்? அதே துறவறவியலில் வெகுளாமை இருக்கிறது, நிலையாமை இருக்கிறது, துறவே இருக்கிறது. அவற்றையும் பள்ளியில் கட்டாயமாக்கலாமே! வள்ளலாரும் புலால் மறுத்தார். மறுத்த அவரே 1867இல் வடலூரில் தருமசாலை கண்டு அடுப்பு மூட்டினார். பசித்தவனின் சாதியும் சமயமும் பார்க்கலாகாது என்றார். உயிரிரக்கத்தால் ஒருவர் தம் இலையில் புலாலை மறுத்தால் அவரை வணங்குவோம். அடுத்தவன் இலையில் கை வைத்தால் கையைப் பிடிப்போம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவன் பகுத்தறிவாளனுமல்லன், சன்மார்க்கியுமல்லன்.

"பள்ளி ஒரு கோயில்." பள்ளி கோயில் அன்று, பள்ளி பள்ளிதான். இந்த நாட்டில் கோயில் வாயிலில் பலரை நிறுத்திவைத்த காலம் உண்டு. பள்ளி எவரையும் நிறுத்தக் கூடாதென்றுதான் அதற்குள் சோறு வந்தது. சோறு வந்த கதையையும் அவளுக்குச் சொன்னேன். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. 1956இல் காமராசர், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு, எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி நாடெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டில் விழுந்தது. 1998இல் வாரம் ஒன்று. 2010இல் வாரம் ஐந்து. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, தட்டு நிறைந்துகொண்டே வந்தது. ஒரு முட்டை வாரம் ஐந்து முட்டையாக இருபத்தோர் ஆண்டு பிடித்தது, இளைஞரே! அதை எடுத்துவிட ஒரு பத்தி போதுமென்று நினைக்கிறார்கள்.

நினைக்கிறார்களா என்று ஐயுறுவோர் பிற மாநிலங்களைப் பாருங்கள். 2015இல் மத்தியப் பிரதேசத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரலாமென்ற முன்மொழிவை முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் மறுத்தார். 2021இல் கருநாடகம், சத்துக் குறைந்த வட மாவட்டங்களில் முட்டை தரத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி என்ன சொன்னாள்? எங்களுக்கு முட்டை வேண்டும், தராவிட்டால் மடத்துக்கே வந்து உண்போம் என்ற பொருள்பட முழங்கினாள். நம் சென்னையிலும் 2020 பிப்ரவரியில், ஆளுநரின் நிதியுதவியோடு, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத கொள்கையுடைய அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்கு, மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவைச் சமைக்க கிரீம்ஸ் சாலையில் கூடம் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. பசித்த பிள்ளைக்கு உணவளிப்பதை எவரும் குறை சொல்லவில்லை. பொது இடத்தில், பொதுப்பணத்தில் எரியும் அடுப்பு, ஒரு சமயத்தாரின் விரதத்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்றுதான் கேட்டோம். 2022 செப்டம்பரில் அரசே காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கியது. வெங்காயம் தாளித்து மணந்தது. மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் காலைப் பட்டியலிலும் முட்டை வைக்கப்படவில்லையே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமக்கு உவப்பான ஆட்சி என்பதற்காகக் கேள்வியை விழுங்குவது பகுத்தறிவாகாது.

கடைசி வாக்கியத்துக்கு வந்தோம். "முட்டையை நிறுத்திவிட்டுப் பழம் வழங்க வேண்டும்." ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ ஒரு கிராம்தான் புரதம். "ஆறுக்கு ஒன்று ஈடாகுமா?" என்றேன். அவள் நினைத்துப் பார்த்துவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்: "அப்ப முட்டை சாப்பிடாத பிள்ளைங்களுக்கு ஒரு கிராம் போதுமா டீச்சர்?" அவளுடைய தோழி ஒருத்தி முட்டை உண்ணாதவள், அவளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். எனக்கு உறைக்காத நீதி அவளுக்கு உறைத்தது. சைவப் பிள்ளையையும் நாம் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்! சைவத்தின் பெருமை பேசும் பெருமான்கள் எவராவது அந்தப் பிள்ளைக்கு ஒரு குவளைப் பால் கொடு என்று மடத்திலிருந்து இறங்கி வந்ததுண்டா?

பத்தியில் தலைப்பைத் தவிர எஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்: பள்ளியில் மதிய உணவு வழங்கப்படுகிறது. "இனி நீயே எழுது" என்றேன். ஆனால் ஆசை யாரை விட்டது? "தூய்மை என்பது சாதியின் மறுபெயர் என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "அது உங்க வாக்கியம் டீச்சர், எனக்கு அது இன்னும் சரியாத் தெரியல." என் விதியை என் மீதே திருப்பிவிட்டாள்! ஒரு மாதிரிக் கட்டுரையைப் பிடுங்கிவிட்டு என் மாதிரிக் கட்டுரையைத் திணிக்கப் போனேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் அவள் கொண்டுவந்த பத்தி:

"எங்கள் பள்ளியில் மதிய உணவு வழங்கப்படுகிறது. வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. எனக்கு முட்டை பிடிக்கும். என் அப்பா இறைச்சிக்கடையில் வேலை செய்கிறார். ஆனாலும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி. என் தோழி முட்டை சாப்பிட மாட்டாள். அவளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அது போதாது, பாலோ சுண்டலோ சேர்த்துத் தரலாம். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். கோபம் அவளுக்கும் வரும், எனக்கும் வரும். முட்டை வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். என் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது."

பழைய ஏழை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தாய் என்பீர்கள். தம்பிக்கு மடித்துக்கொண்டு போகும் பாதி முட்டையை அவள் எழுதவில்லை. எழுத வெட்கப்பட்டாள். அந்த வெட்கம் அவளுடையதன்று, நம்முடையது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை; அது நான் தீர்க்க வேண்டிய கடன்.

இளைஞரே! மேடைகள் நமக்கு உண்டு, மாநாடுகள் உண்டு, ஊர்வலங்கள் உண்டு. ஆனால் நாம் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கும்போது, நம் வகுப்பறையில், நம் ஏட்டில், நம் சிவப்பு மையாலேயே பழைமை "நன்று" வாங்கிக்கொண்டு போகிறது. உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். தங்கைக்கும் தம்பிக்கும் மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்போர் இருப்பீர்கள். இன்றிரவு ஒரு கட்டுரை ஏட்டை எடுங்கள். ஒற்றுப் பிழையைத் திருத்துங்கள், அதோடு நிற்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேளுங்கள்: இது உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை உங்கள் பக்கம் திருப்பினால் சினம் கொள்ளாதீர்கள்.

மறுபடி அந்தப் பதினொரு ஏடுகள் என் மேசைமேல் இருக்கின்றன. ஒன்று திருந்திற்று, பத்து எஞ்சியிருக்கின்றன. நாளை நண்பகல் மணி அடிக்குமுன் இரண்டாவது ஏட்டைத் திறக்கிறோம்.